இழை அறுக்காத தசரதன்

"இருங்க சார், இன்னும் ஒரு உருண்ட கீது."

தசரதன் வேப்பங்குச்சியால் அதையும் பிளந்து பார்ப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது. குச்சியை எறிந்துவிட்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்து, நாயைப் பார்த்துத் தலையாட்டுவார். இன்றைக்குப் பிழைத்தாய், வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். நாய் அவரைக் கவனிக்காது. அதற்குள் மணலில் கிடக்கும் எதையோ வாயில் போட்டிருக்கும். "ஏய், துப்பு! துப்புடான்றேன்!" என்று தசரதன் அதன் பின்னால் ஓடுவார்.

கமண்டல நாகநதியில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். அந்த மணலில் தினமும் காலை ஆறு மணிக்கு, ஐம்பத்திரண்டு வயதான ஒரு மனிதர் குந்தியிருந்து நாய் கழித்ததைக் கிளறிக்கொண்டிருப்பதை, ஆரணியில் காலையில் நடக்கப் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நானும் மூன்று மாதம் திருப்பிக்கொண்டேன். வந்தவாசியிலிருந்து ஆரணித் தபாலாபீசுக்கு மாற்றலாகி வந்த புதிது. சர்க்கரை வியாதி, இரண்டு மைல் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாய் என்றால் எனக்கு ஆகாது. பத்து வயதில் ஒன்று கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவன் நான். இருந்தாலும் நாலாவது மாதம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒன்னும் இல்லாம இருக்குதான்னு தேடறங்க" என்றார்.

நாயின் பெயர் ஜல்தி. செம்பட்டை நிறம். ஒரு காது நட்டுக்கொண்டிருக்கும், இன்னொன்று மடிந்து கிடக்கும். ஊரில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய நாய்தான். எதைக் கண்டாலும் மெல்லாமல், மோந்துகூடப் பார்க்காமல் ஜல்தியாக விழுங்கிவிடுவதால் தசரதனின் மனைவி லீலா வைத்த பெயர் அது. நான் அறிந்து இந்த மூன்று வருஷத்தில் அது விழுங்கியவற்றில் ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். சட்டைப் பொத்தான்கள், ஒரு முழுப் பலப்பம், மண்ணெண்ணெய் பாட்டிலின் தக்கை, ரேஷன் சோப்பில் பாதி, டிரங்குப் பெட்டியின் சாவி, லீலாவின் மூக்குத்தித் திருகு. திருகு மூன்றாம் நாள் ஆற்று மணலில் கிடைத்தது. மஞ்சள் தண்ணீரில் ஊறி, புளியில் தேய்பட்டு, மறுபடி மூக்கில் ஏறிவிட்டது.

"இன்னா பண்றது சார், எங்க அம்மா வூட்டு நக" என்றார் லீலா, மூக்கைத் தொட்டுக்கொண்டே.

சாவி மட்டும் வரவில்லை. பெட்டியின் பூட்டை உடைத்துத்தான் திறந்தார்கள். "அது எங்க போயி குந்திகினு கீதோ" என்று சொல்லியபடி தசரதன் நாயின் வயிற்றை விரல் விரலாக அழுத்திப் பார்ப்பார். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

கொசப்பாளையத்தில் அவர் வீட்டுக்கு ஒரு தடவை போனவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த வீட்டில் இடுப்புக்குக் கீழே ஒரு பொருளும் கிடையாது. செருப்பு ஆணியில் தொங்கும். துடைப்பம் உத்தரத்தில் செருகியிருக்கும். சோப்பு ஜன்னல் மேல். அடுப்பைக்கூட மேடை கட்டி ஏற்றிவிட்டார். அந்தத் தெருவில் நின்றுகொண்டு சமைக்கிற முதல் பெண்பிள்ளை லீலாதான். நாகரிகம் முற்றிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தால், எழுந்து போகும்போது அந்த இடத்தைத் தசரதன் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். சட்டையிலிருந்து ஊக்கு விழுந்திருக்கலாம், பையிலிருந்து பாக்குத் துண்டு விழுந்திருக்கலாம். எனக்கு முதல் தடவை அவமானமாக இருந்தது. பிறகு நானே எழுந்ததும் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

போளூரில் கட்டிக்கொடுத்த மகள் கமலம் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது பெரிய சண்டை. குழந்தையின் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி மணியைத் தசரதன் அவிழ்த்து மாடத்தில் வைத்துவிட்டார். "எம் புள்ள அத புடிச்சி முழுங்கிடும்னு நீ ஒரு நாளு பயந்திருப்பியா நைனா? நாயி முழுங்கிடும்னு அவுக்கற" என்று கேட்டுவிட்டு அவள் மத்தியானப் பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். தசரதன் பஸ் ஸ்டாண்டுவரை பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

பொத்தானும் சாவியும் கூட அவருக்கு இரண்டாம்பட்சம்தான். அவருடைய பெரிய பயம் நூல்.

பட்டு நெய்கிற ஆரணியில் இருந்துகொண்டு ஒரு மனிதன் நூலுக்குப் பயப்படுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. இங்கே சாக்கடையில் ஓடுவது நூல், வேலியில் சிக்கியிருப்பது நூல், சோற்றில் அகப்படுவது நூல். காலையில் தெருவில், தறியில் ஏற்ற வேண்டிய நெடுக்கு நூலை, பாவு என்பார்கள், நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி போடுகிறார்கள். அறுந்து விழுகிற இழைகள் சோற்றுக் கஞ்சி வாசனையோடு மண்ணில் கிடக்கின்றன. பசித்த நாய்க்கு அது நூல் என்று எப்படித் தெரியும்? தசரதன் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வாசலுக்கு வெளியே நின்று, வேட்டியை உதறி, சட்டையைக் கழற்றி உதறி, லீலா முதுகைச் சுற்றிப் பார்த்து "ஒன்னுமில்ல, வா" என்று சொன்ன பிறகுதான் உள்ளே காலை வைப்பார். எதிர்வீட்டுப் பன்னீர்செல்வம் இதைப் பார்த்துவிட்டு, "இன்னா தசரதா, போலீஸ் சோதன முடிஞ்சிதா?" என்று தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார். தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

தசரதனின் தொழிலைச் சொல்லாமல் இதைச் சொல்லி முடியாது. தசரதனுக்குச் சொந்தத் தறி இல்லை. தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒரு திருகு திருகி ஒன்றாக்க வேண்டும். சேலைப் பாவு ஒன்றுக்கு நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாக இப்படித் திருகவேண்டும். வீடு வீடாகப் போய் அதைச் செய்கிறவர் அவர். இன்னொரு வேலைக்கும் அவரைத் தேடி ஆள் வரும். பட்டு சிக்கு விழுந்துவிட்டால் மற்றவர்கள் கத்தரிக்கோலை எடுப்பார்கள். தசரதன் எடுக்க மாட்டார். விரலை நனைத்துக்கொண்டு, நுனியைக் கண்டுபிடித்து, மூச்சை அடக்கி, இழை எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே திரும்பக் கொண்டுவருவார். அவர் கையில் இழை அறுந்ததைப் பார்த்தவர் கொசப்பாளையத்தில் கிடையாது. பேசிக்கொண்டே என் சட்டைக் கையில் பிரிந்து தொங்கும் நூலையும் இழுத்து எடுத்துவிடுவார். எடுத்தது அவருக்கே தெரியாது.

ஒரு நாள் ஆற்றங்கரையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லா நாயும்தான் எதையாவது தின்கிறது, எந்த நாய்க்காரன் இப்படி உயிரை விடுகிறான், நீங்களும் நிம்மதியாக இல்லை, வீட்டிலிருக்கிறவளையும் நிம்மதியாக விடவில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தசரதன் குச்சியைக் கீழே போட்டார். மணலில் உட்கார்ந்தார். ஜல்திக்கு முன்னால் ஒரு நாய் இருந்தது, வீரன் என்று பெயர், என்று ஆரம்பித்தார்.

"எழுவத்தி நாலாம் வருசம் சார். ஒரு அமாவாச. அன்னிக்கி தறி வேல கெடையாது, வூட்டுலதான் இருந்தேன். வீரன் வந்து நிக்குது, பின்னால நூலு தொங்குது. இத்தினியூண்டு. எங்கியோ கஞ்சி நூல தின்னுட்டு வந்திருக்கு. நானு இன்னா பண்ணேன், கைய நனச்சிகினு குந்தினேன். நுனிய புடிச்சேன்."

அவர் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அப்போது தாமாகவே ஒன்று சேர்ந்தன. ரேகை தேய்ந்து வழவழப்பாகிப்போன விரல்கள்.

"அது அசையலீங்க. நான் தொட்டா அதுக்கு பயமே கெடையாது. திரும்பி திரும்பி என்ன பாத்துகினு நின்னுச்சி. எங்கனா இறுகுச்சின்னா நிறுத்துவேன். கொஞ்சம் தளத்துவேன். மறுபடியும் இழுப்பேன். சிக்கு எடுக்கற மாதிரியேதான். முக்கா மணி நேரம். எட்டு மொழம் வந்திச்சி சார். ஒரு எடத்துல அறுக்கல. அத விரல்ல சுத்திகினு போயி லீலாகிட்ட காட்டினேன். பாரு, உம் புருசன் கைய பாருன்னேன்."

மறுநாள் சாயங்காலம் வீரன் செத்துப்போனது.

அதற்கடுத்த நாள் தசரதன் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். செத்த நாய்க்கு வைத்தியம் கேட்கப் போன ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். அங்கே அப்போது புதிதாக வேலைக்கு வந்திருந்தவர் டாக்டர் ஜெயசந்திரன். பெரணமல்லூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். சூரியன் இறங்கினால் சாப்பிட மாட்டார், எறும்பு ஊர்கிற இடத்தில் நாற்காலியைப் போட மாட்டார். தசரதன் நடந்ததை எல்லாம் சொல்லி, அறுக்காமத்தானே எடுத்தேன் டாக்டரு, அப்புறம் ஏன் செத்துப்போச்சு என்று கேட்டிருக்கிறார். டாக்டர் அவரிடம் என்ன சொன்னார் என்பதைப் பின்னால் டாக்டரே என்னிடம் சொன்னார். ஒரு மணியார்டர் அனுப்ப வந்தவர், வரிசையில் ஆள் இல்லாததால் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"நூலோட இன்னொரு நுனி உள்ள எங்கேயாவது மாட்டிகினு இருக்கும் சார். வெளிய இருந்து இழுத்தா, குடலு சுருங்கி சுருங்கி, நூல் அத அறுத்துகினே வரும். எந்த டாக்டரும் இழுக்க மாட்டான். அதச் சொன்னதோட நான் நிறுத்தியிருக்கலாம். அவரு திரும்பத் திரும்ப அறுக்கல அறுக்கலன்றாரு. அதாங்க தப்பு, வேற யாரு கையா இருந்தாலும் ரெண்டாவது இழுப்புல நூல் அறுந்திருக்கும், நாய் பொழச்சிருந்தாலும் பொழச்சிருக்கும்னு சொல்லிட்டேன். படிச்சிட்டு வந்து ஆறு மாசம். தெரிஞ்சத எல்லாம் சொல்லிடணும்னு இருந்தது. பொய் சொல்லியிருக்கணும் சார். எங்க வீட்ல பொய் சொல்லக் கூடாதுன்னுதான் வளத்தாங்க. அன்னிக்கி சொல்லியிருக்கணும்."

அதற்குப் பிறகு ஐந்து மாதம் தசரதன் எந்தத் தறிக்கும் போகவில்லை. ஆள் வந்து கூப்பிட்டால் காய்ச்சல் என்று சொல்லச் சொல்வாராம். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பாராம். லீலாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போளூரில் ஒரு வீட்டில் குட்டி போட்டிருந்த நாயிடமிருந்து ஒன்றை முந்தானையில் மறைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார். மனிதர் ஒரு வாரத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். கூடவே இந்தத் தேடலும் தடவலும் உதறலும் ஆரம்பித்துவிட்டன.

"நல்லதுன்னு நெனச்சி கொண்டாந்தேன் சார். ஏழு வருசமாச்சி. இந்த வூட்டுல ஒரு நாளு நானு தரையில தட்ட வெச்சி சோறு துன்னதில்ல" என்று லீலா ஒரு முறை என்னிடம் சொன்னார். குறை சொல்கிற குரலாக இல்லை. அலுத்துப்போய், அழவும் தெம்பில்லாத குரல்.

தட்டு மட்டுமில்லை. ஏழு வருஷமாக லீலா பூ வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருக்களுக்குப் பூ கொண்டுவருகிற கிருஷ்ணம்மாள் மற்ற ஊர்களைப் போல வாழை நாரில் கட்டுவதில்லை. நாருக்கு எங்கே போவது? தறி வீடுகளில் கழித்துப் போடுகிற நூல் சும்மா கிடைக்கிறது. நாலு இழையை ஒன்றாக முறுக்கி அதில்தான் மல்லிகையைத் தொடுப்பார். அவிழாது, அறாது, இரண்டு நாள் ஆனாலும் பூ உதிராது. ஆரணிப் பெண்கள் தலையில் வைப்பது பாதி பூ, பாதி பட்டு. தசரதன் வீட்டு வாசலில் மட்டும் கிருஷ்ணம்மாள் குரல் கொடுக்காமல் போய்விடுவார்.

போன வெள்ளிக்கிழமை பன்னீர்செல்வத்தின் மகளுக்குக் கல்யாணம். லீலா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வெறும் கொண்டையோடு புறப்பட்டு நின்றார். தசரதன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தெருமுனைக்குப் போய், இரண்டு முழம் மல்லிகை வாங்கி, வாழை இலைத் துண்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னிக்கி ஒரு நாளு வெச்சிக்க. வந்ததும் எங்கிட்ட குடுத்துடு" என்றார். லீலா இதை என்னிடம் சொல்லும்போது, அந்த மனிதர் பூவைக் கொடுத்துவிட்டு வெட்கப்பட்டார் என்றும் சொன்னார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து லீலா முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டார். தசரதன் பந்தி பரிமாற நின்றுவிட்டார். வெயில், களைப்பு, வயிறு நிறையச் சாப்பாடு. பாயில் தலை வைத்ததும் லீலாவுக்குக் கண் அசந்துவிட்டது. அரை மணி கழித்து விழித்தபோது கொண்டையில் பூ இல்லை. பாயில் ஏழெட்டு மல்லிகை கசங்கிக் கிடந்தன. நூல் இல்லை. ஜல்தி கதவோரம் உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை நாய் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மஞ்சளாக வாந்தி எடுத்தது. ஆற்றங்கரையில் தேட எதுவுமே இல்லை. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் கவுண்டரில் ஸ்டாம்பு கிழித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நிற்காமல் தசரதன் நேராக வந்தார். இரண்டு கைகளையும் கம்பிக்குள் நீட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார், கூட வாங்க. நூலு தெரியுது. வூட்டுல லீலா ஒண்டிதான். தனியா வுட்டா நானு இழுத்துடுவேன்" என்றார்.

போஸ்ட்மாஸ்டரிடம் ஏதோ பொய் சொல்லிவிட்டுப் போனேன். வேறு எதற்காகவும் நான் ஒரு நாயைத் தொட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு ஜல்தியைச் சாக்கில் போட்டு, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் லீலாவும் பிடித்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். தசரதன் கையைக் கட்டிக்கொண்டு இருபதடி பின்னால் வந்தார். வழியில் எத்தனை பேர் நிறுத்தினார்கள்! ஆளுக்கு ஒரே யோசனைதான். நுனி தெரியுதில்ல, மெதுவா புடிச்சி இழுங்க, வந்துடும். நெசவாளி ஒருவனிடம் தொங்குகிற நூலைக் காட்டினால் அவன் வேறு என்ன சொல்வான்? அந்த ஊர் முழுவதற்கும் கை ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

டாக்டர் ஜெயசந்திரன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வெளியே தெரிந்த நூலை விரல்கடை விட்டு வெட்டினார். ஊசி ஒன்று போட்டார். பிறகு தசரதனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"தொடக் கூடாது சார். தானா வந்தா வரட்டும். உள்ள மாட்டியிருந்தா வராது. மெட்ராஸுக்குக் கொண்டுபோனா வயித்தக் கிழிச்சிப் பாப்பாங்க. இந்த நெலமையில நாலு மணி நேரம் வண்டியில குலுக்கினா அதுவே முடிச்சிடும். வியாழக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடும். வயிறு கல்லு மாதிரி ஆச்சுன்னா அப்புறம் ஒன்னும் இல்ல."

"பொழைக்கும்னு சொல்லுங்க டாக்டரு" என்றார் தசரதன்.

டாக்டர் கையைக் கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார். திரும்பி வந்து, "பொழைக்கும்" என்றார். அதை நாங்கள் மூவருமே நம்பவில்லை.

இதை எழுதுகிற இன்று புதன்கிழமை. காலையில் நடக்கப் போகவில்லை. நேராகக் கொசப்பாளையத்துக்குப் போனேன். முன்னறையில் சாக்கின் மேல் ஜல்தி ஒருக்களித்துக் கிடக்கிறது. மடிந்த காது தரையில், நட்ட காதும் இப்போது படுத்துவிட்டது. வயிறு நேற்றைவிட உப்பியிருக்கிறது. தொட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. விரல்கடை நூல் ஒரு சாண் ஆகியிருக்கிறது. அது முக்கும்போதெல்லாம் கொஞ்சம் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு மல்லிகை மொட்டுகூட அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தசரதன் அதன் அருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து அங்கேதான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் தன் முழுக் கனத்தையும் வைத்து அமர்ந்திருக்கிறார். முகம் மூன்று நாளில் சுருங்கிப் போயிருக்கிறது. ஈ வந்து நெற்றியில் உட்கார்ந்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

பன்னீர்செல்வம் வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். "இன்னா தசரதா, ஒரு சாண் வந்துட்டுது. மிச்சம் எவ்ளோ இருந்துடப் போவுது? உன் கையிக்கி இது ஒரு வேலையா? ஒரே ஒரு இழு" என்றார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். தசரதனின் புஜத்தில் நரம்பு புடைத்தது. உள்ளே கைகள் என்ன செய்துகொண்டிருந்தனவோ தெரியவில்லை. நான் பன்னீர்செல்வத்தைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது லீலா அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "என்ன ஒரு வார்த்த திட்டிடேன்யா. தூங்கினது நானு. மூணு நாளா வாயத் தொறக்காம குந்திகினு கீற. அடிச்சாலும் அடிச்சிடு."

"பூவ வாங்கினது யாரு?" என்றார் தசரதன், நாயைப் பார்த்தபடியே. லீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எதிர்வரிசையில் எங்கேயோ தறி ஓடிக்கொண்டிருந்தது. ஜல்தி ஒரு முறை முக்கியது. பிறகு தலையைத் தூக்க முயன்று, முடியாமல், கண்ணை மட்டும் திருப்பித் தசரதனைப் பார்த்தது. நூல் ஒரு விரல் அளவு கூடி, தரையில் நெளிந்து, அவர் முழங்காலுக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. அவர் பற்களைக் கடித்துக்கொண்டு தொடைகளை இன்னும் அழுத்தினார்.

லீலா காபியை நன்றாக ஆற்றி டம்ளரில் கொண்டுவந்தார். மூன்று நாளாகத் தசரதன் ஒன்றும் சாப்பிடவில்லையாம். டம்ளரை நீட்டியபடி பக்கத்தில் குந்தினார். "இத மட்டும் குடிச்சிடு" என்றார்.

தசரதன் டம்ளரைப் பார்த்தார். கைகளை எடுக்கவில்லை. வாயை மட்டும் திறந்தார்.